நான் தாண்டிப்போன வசனம்

சீனி வருத்தத்தில், அந்த நீரிழிவு நோயில், என் கணவருக்குக் கண் போனபின், சொறிக்கல்முனை வீட்டில் மாலைச் செபத்துக்கு நான்தான் வேதம் வாசிப்பேன். அன்று வயலுக்குப் போய் வந்த அலுப்பு. சகோதரனை வெறுப்பவன் இருளில் நடக்கிறான், இருள் அவன் கண்களைக் குருடாக்கியது என்று வந்ததும், அவருக்கு நோகுமே என்று தாண்டிவிட்டேன்.

“ஏன் புள்ள உட்டுட்ட? அது எனக்கு மனப்பாடம்.”

“உங்கட கண்ணை நினைச்சுத்தான்...”

“என்ட கண்ணையா சொல்லுது? வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை புடிச்சு, தம்பியோட கதையாம உட்டன். அப்ப எனக்கு நல்லாக் கண் தெரிஞ்சதே!”

நான் வேதப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

“அவன்ட நம்பரை அடி.”

மறுமுனையில் “அண்ணன்” என்ற குரல் கேட்டதும், பேச முடியாமல் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்த இருட்டிலிருந்து அவரே கதைத்துத்தான் வெளியே வரவேண்டும்.