டிரம் ஆறுகிறதென்று வந்த தகவல்

எங்கள் தெருவில் யார் புது போன் வாங்கினாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். வீட்டில் முதலில் படித்தவன் நான். கேஸ் புக்கிங்கோ, வண்டி இன்ஷூரன்ஸோ, கேட்டவர்களுக்கெல்லாம் என் மெயில் ஐடியிலேயே கணக்குத் திறந்து கொடுத்துவிடுவேன். சித்தப்பா வீட்டு சிலிண்டர் கிளம்பினால் தகவல் எனக்கு வரும். அந்த வயர்லெஸ் தெர்மாமீட்டரும் அப்படித்தான் என் ஐடியில் ஏறி உட்கார்ந்தது.

நானும், கேட்டரிங் காலேஜில் என்னோடு படித்த நண்பனும் சேர்ந்து வாங்கியது அது. மாமல்லபுரத்தில் அவன் வீட்டுக்குப் பின்னால், பழைய எண்ணெய் டிரம்மை வெட்டிப் புகை அடுப்பு செய்திருந்தோம். அதில் தீ கறியைத் தொடாது. ஓரத்தில் புளியங்கட்டை கனியும், புகையும் மிதமான சூடும் மணிக்கணக்காகக் கறியைச் சுற்றி வரும். மூடியைத் திறந்து பார்த்தால் சூடு போய்விடும் என்பதால் தெர்மாமீட்டரின் ஒரு கம்பியைக் கறிக்குள்ளும் இன்னொன்றை டிரம்முக்குள்ளும் வைத்துவிட்டு, இரண்டு சூட்டையும் போனில் பார்ப்போம். "செத்த மாட்டுக்கு ஜொரம் பாத்துகினு கீறானுங்க" என்பார் அவன் அப்பா.

மாட்டு நெஞ்சுக்கறிக்கு ஒரு குணம் உண்டு. பாதி வெந்ததும் சூடு ஏறாமல் அப்படியே நின்றுவிடும். பதறிப்போய் விறகைத் திணித்தால் காய்ந்து சக்கையாகும். அந்த நேரத்தில் வாட்டிய வாழையிலையில் இறுக்கிச் சுற்றி வைத்தால் ஈரம் தங்கும் என்று பல கறிகளைக் கெடுத்துத்தான் கண்டுபிடித்தேன்.

கடற்கரை ரிசார்ட் ஒன்றில் புகைக்கறிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பன் சொன்னான். அவர்களிடம் பேசியதும் அவன்தான். எங்கள் டிரம்மை அங்கே கொண்டுபோய் இரண்டு பேரும் ஒருநாள் சமைத்துக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. நான் அப்போது செங்கல்பட்டுக் கல்யாண மண்டபங்களில் நாள் கூலிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் என்பதை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. அம்மா தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

முந்தின நாள் அவன் போன் செய்தான். "மச்சான், நாளைக்கு இல்லியாம். அடுத்த வாரம் தள்ளிட்டாங்கோ. எனக்கும் ஜொரமா கீது."

மறுநாள் காலையில் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்க பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது போன் கத்தியது. டிரம்மின் சூடு குறைகிறது என்று தகவல். அவன் அப்பா எதற்காவது பற்றவைத்திருப்பார் என்று நினைத்துப் போனைத் திறந்தேன். கறியின் சூடும் அதில் தெரிந்தது. ஏறாமல் நிற்குமே, சரியாக அந்த இடத்தில் நின்றது. அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னா மச்சான்." குரலை நலிவாக வைத்துக்கொண்டிருந்தான்.

"ஜொரம் எப்டி கீது?"

"எழுந்திருக்கவே முடியலடா. போத்திகினு படுத்துனு கீறேன்."

பின்னால் யாரோ கேட்டார்கள். "தம்பி, மேனேஜர் சார் சாப்பாட்டுக்கு வந்துருவாரு. அதுக்குள்ள ஆயிடும்ல?"

"டிவி ஓடுது," என்றான்.

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். டிரம் இன்னும் ஆறிக்கொண்டிருந்தது. என்னோடு பேசுவதற்காக அடுப்பை விட்டுத் தள்ளி வந்திருக்கிறான். பேச்சை இழுத்தாலே போதும், கறி கெட்டுவிடும் என்று தோன்றியது. இழுத்தேன். மாத்திரை போட்டாயா, கஞ்சி குடித்தாயா, ஊசி போட்டார்களா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். டாக்டர் திட்டினாராம், அவன் அம்மா அழுதாளாம். பொய்யை அவ்வளவு பொறுமையாகச் சொன்னான். கேட்கக் கேட்க எனக்குத்தான் அசிங்கமாக இருந்தது. கறியை வீணாக்கவும் மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது வராது.

"காத்து ஓட்டைய தொறடா," என்றேன். "அவிஞ்சிகினு கீது."

நலிவெல்லாம் போய்க் குரல் நிமிர்ந்தது. "நீ எங்க கீற? மதிலாண்ட நிக்கிறியா?"

"கழுக்குன்றத்துல. பஸ்ல."

"அங்கேந்து எப்டிடா?"

"நெட்டுல வருதுடா. என் ஐடிதான அது."

டிவி ரிமோட் போல அது சுவரைத் தாண்டாது என்று நினைத்திருக்கிறான். நாங்கள் எப்போதும் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவர்கள். போனை வைத்துவிட்டான். சற்று நேரத்தில் டிரம் சூடேறத் தொடங்கியது. நான் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றேன். சாத்துக்குடியை யாருக்கு வாங்கியதென்று சொல்லி வீட்டில் கொடுப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"எட்துகினாங்க மச்சான். அவங்களுக்கு ஒர்த்தன்தான் வேணுமாம். நான் இன்னாடா பண்ணட்டும்?"

"எப்ப சொன்னாங்க, ஒர்த்தன்தான்னு?"

"அது... போன சனிக்கிழமையே."

அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டுப் பின்னால் கடைசியாகச் சேர்ந்து சமைத்தோம். இலை சுற்றும் நேரம் வந்ததும் அவன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "பிரிச்சிட்டு இன்னொரு வாட்டி சுத்து மச்சான், மெதுவா" என்றான். இத்தனை நாள் கழித்து ஆசையாகக் கேட்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிரித்தேன். எந்த மடிப்பு முதலில், நரம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, அவன் போதும் என்கிறவரை சுற்றிக் காட்டினேன்.