வாளைக்கு வார்த்த தண்ணீர்

இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, மூலைகளில் தார் பூசிய பெரிய மீன் தொட்டி அது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். காரிமங்கலத்தில் நான் வாழப்போன வீட்டின் முன்கூடத்தை முக்கால்வாசி அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக உள்ளே நுழைந்த என்னிடம் முதலில் காட்டப்பட்டது மாதா படமல்ல, அந்தத் தொட்டிதான். காட்டியவர் என் மச்சாண்டார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். குருமடத்துக்குப் போய் பாதியில் திரும்பி வந்தவர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தார். சாமியாராகியிருக்க வேண்டிய பிள்ளை என்பதால் என் மாமியாருக்கு அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்காது. செத்த பிறகு நல்லவராக்கி எழுதுவதற்குப் பதில் இருக்கும்போதே உள்ளதை எழுதிவிடுகிறேன்.

தொட்டியில் இருந்தது ஒற்றை வாளை மீன். ஒகேனக்கல்லில் ஒரு மீன்காரரிடம் விரல் நீளக் குஞ்சாக வாங்கி வந்ததாம். பார்த்தவர்களெல்லாம் "இது சொட்டை வாளைங்க சார், சாணுக்கு மேல வளராது" என்றார்களாம். இவர் விடவில்லை. வாயின் பிளவு எங்கே முடிகிறது என்று பாருங்கள் என்பார். சொட்டை வாளைக்கு அது கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், செவுளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டும் இருக்கும். இதற்குப் பொட்டு கிடையாது, வாயோ கண்ணையும் தாண்டிக் கிழிந்துபோகும், ஆகவே இது ஆளுயரத்துக்கு வளரும் அசல் வாளை. அதில் மட்டும் அவர் சொன்னது சரி. கூட விட்டிருந்த தங்க மீன்களை எல்லாம் விழுங்கிவிட்டு அது கை நீளத்துக்கு வளர்ந்து நின்றது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடம் நடக்கும். காபி கொண்டுபோகிற நானும் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

ஏரியில் தண்ணீர் இருந்தவரை அதற்குப் பொடி மீன் கிடைத்தது. ஏரி காய்ந்ததும் ஆட்டு ஈரலுக்கு மாறினார். அப்போது தவக்காலம். நாற்பது நாளும் வீட்டில் கவிச்சி கிடையாது, நாங்கள் கீரையும் களியும் தின்றுகொண்டிருந்தோம். நான் அந்த அடுப்படியில் உட்கார்ந்து மீனுக்கு ஈரல் நறுக்கினேன். மாமியாரிடம் முணுமுணுத்தபோது, "மீனுக்கு என்னாடி தவசு? அது என்ன ஞானஸ்நானமா வாங்குச்சு?" என்றார். ஈரல்கூடப் பெரிதில்லை, தண்ணீர்தான் கொடுமை. ஈரல் போட்டால் தொட்டி கலங்கும், கலங்கினால் மூச்சு முட்டும், ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும் என்பது அவர் சட்டம். அதுவும் அடிபம்பின் நல்ல தண்ணீர்தான் வேண்டும், கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது. அந்தக் கோடையில் தருமபுரிப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கே குடங்கள் வரிசையில் கிடந்தன. நான் வரிசையில் நின்று, அடித்து, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து அந்த மீனுக்கு ஊற்றினேன். தெருப் பெண்கள் "என்னாக்கா, வாளை சாமிக்கு அபிஷேகமா?" என்று சிரிப்பார்கள்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு மூன்றாம் மாதத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. மறுபடி உண்டானபோது நர்சம்மா கையைப் பிடித்துச் சொன்னார்: "குடம் தூக்குனீன்னா இதுவும் நிக்காது, பாத்துக்க." என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மாமியார் மறுவார்த்தை பேசாமல், வீங்கிய முழங்காலோடு சமையலுக்கு வேண்டியதை அரைக்குடம் அரைக்குடமாகக் கொண்டுவர ஆரம்பித்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. தொட்டியை மட்டும் யாரும் தொடவில்லை.

"என்னம்மா, தொட்டி கலங்கிக் கெடக்குது, தண்ணி மாத்தலியா?" என்றார் மச்சாண்டார்.

"என்னால ஆவாதுங்க மாமா. நர்சம்மா தூக்கக்கூடாதுன்னுட்டாங்க."

"நம்ம சனத்துல களையெடுத்த எடத்துலயே புள்ள பெத்தவங்க இருக்காங்க. வாயில்லா ஜீவன்மா அது, பாவம்."

வாயில்லா ஜீவனாம்! கண்ணைத் தாண்டிப் போகிற வாயை ஊருக்கெல்லாம் காட்டிய மனுஷன் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பள்ளிக்கூடம் விடுமுறை. இல்லாவிட்டால் மாணவர்களை ஏவியிருப்பார். தொட்டியில் நாற்றம் ஏறியது. காற்று விடுகிற மோட்டாரும் கரண்ட் இல்லாமல் பாதி நாள் நின்றது. வாளை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தார், சோறுகூட இறங்கவில்லை. பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு நாள் நல்ல உச்சி வெயில், வீட்டுக்கு எதிரேயே இருந்த அடிபம்பில் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் எழுந்தார். அடுப்படிக்கு வந்து குடத்தை எடுத்தார். அடேயப்பா, போய்விடுவார் என்றே நினைத்தேன். வாசற்படி வரைக்கும் போனார். அந்த நேரம் பார்த்து அவரிடம் படிக்கிற பையன் ஒருவனின் அம்மா குடையோடு தெருவில் வந்தாள். "சார், நல்லாயிருக்கீங்களா?" என்றாள். இவர் குடத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி, "இருக்கேன்மா, பையன் படிக்கிறானா?" என்றார். அவள் போய் வெகுநேரம் ஆன பின்னும் அந்தக் குடம் அங்கேயேதான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் வாளை மல்லாந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, "உம் பொண்டாட்டி கொன்னுட்டாடா" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் நிலைப்படியில் நின்று சொன்னேன்: "ஆமாங்க. ரெண்டு உசுருக்கும் சேத்துத் தண்ணி சொமக்க என் இடுப்புல தெம்பில்லீங்க. எனக்கு எது வேணுமோ அதத்தான் வெச்சுக்கிட்டேன்." அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

பெண் பிறந்தாள், நன்றாக இருக்கிறாள், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய். மச்சாண்டார் என் வீட்டில்தான் இருக்கிறார், என் கையால்தான் சாப்பிடுகிறார். என் பெண் வரும்போதெல்லாம், "உன்னாலதான் என் வாளை செத்துச்சு, தெரியுமா?" என்று வேடிக்கை பேசுவார். அவளும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

"பம்பு எதுத்தாப்புலதாங்க மாமா இருந்துச்சு. காலியாத்தாங்க கெடந்துச்சு" என்பேன்.

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிரித்துக்கொள்வார்.