பசுவின் காதில் லத்தீன்

மாட்டிடம் லத்தீன் பேசி உதை வாங்கியவன் நான். அந்த வருடம் நான்காம் வகுப்பில் இரண்டாம் ராங்க் எடுத்தவனும் நான்தான்; இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

குடவாசலில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்த காலம். அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போவதென்று முடிவாகி, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. எங்கள் பசுவோ அம்மா கைக்கு மட்டும்தான் பால் விடும். அப்பா மடியைத் தொட்டால் செம்பு வாய்க்காலில் மிதக்கும். அதனால் ஒரு மாதம் முன்பே அம்மா கறப்பதை நிறுத்திவிட்டு, அப்பாவை உட்காரவைத்து எட்ட நின்றுகொண்டாள்.

அதோடு விடவில்லை. எனக்குத் தலைவாரி விடுவதையும், சோறு பிசைந்து உருட்டிக் கையில் வைப்பதையும் நிறுத்தினாள். போய் நின்றால், “அப்பாட்ட போ” என்பாள். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தேன். நிறையவே செய்திருந்தேன், இது எதற்கான தண்டனை என்றுதான் தெரியவில்லை.

அப்பா மூன்றாவது முறை உதைபட்ட அன்று, பாதிரியாருக்குப் படிக்கப் போய்க் குருமடத்திலிருந்து பாதியில் திரும்பிவந்த மாமா வைக்கோல்போரில் சாய்ந்தபடி சொன்னார்: “மச்சான், சாந்தத்துக்கு லத்தீன்ல மன்சுவெத்தூதோன்னு பேரு. மனுஸ்னா கை. மிச்சம், பழகுறது. கைக்குப் பழகுனாத்தான் சாந்தம் வரும்.”

“அப்ப நீ வந்து கைய வையேன் மாப்ள” என்றார் அப்பா.

எனக்கு விளக்கம் ஏறவில்லை, சொல் மட்டும் ஏறியது. கோயிலில் லத்தீன் பாட்டு வந்தால் ஊரே முழந்தாள் போடுகிறது, ஒரு மாடு நிற்காதா? நான் பால் கறந்து காட்டினால் அம்மாவின் கோபம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் விடிந்ததும் அம்மா சேலையைச் சுற்றிக்கொண்டு, பசுவின் காதில் அந்தச் சொல்லை மூன்று தரம் ஓதிவிட்டு மடியில் கைவைத்தேன். அது பின்னங்காலை லேசாகத்தான் வீசியது. எருக்குழி வரை போய் விழுந்தேன்.

அம்மா ஓடிவந்தாள். தூக்கிவிடுவாள் என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்பாதான் வந்து தூக்கினார்.

“எம்மேல என்ன கோவம்மா?” என்று அழுதேன்.

நான் கோபத்தைப் பற்றிக் கேட்டால் இவள் மாட்டைப் பற்றிப் பேசுகிறாளே என்று வெகுநாள் குழம்பினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

“மாடு மட்டும் பழகுனாப் போதுமாடா?”