சித்தப்பா வண்டியின் சத்தம்

டர்போ மாட்டிய என் பிக்கப்பில் டீசல் சற்று முன்கூட்டியே பாயும்படி மெக்கானிக் பம்பைத் திருப்பி முடுக்கினார். இஞ்சின் டக்டக்கென்று அடித்தது.

"போதும்ணே. இதுக்கு மேல டைமிங் கூட்டுனா பிஸ்டன் போயிரும்" என்றார்.

லோடுக்கு இழுவை வேண்டும் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்.

அப்பாவும் சித்தப்பாவும் சிவகாசியில் பட்டாசு லோடு ஏற்றிய காலத்தில், சித்தப்பா வண்டி இப்படித்தான் அடிக்கும். தெருமுனையில் கேட்டதுமே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். அவர் கை கழுவி வருவதற்குள் நல்லெண்ணெய் மணக்க முறுகல் தோசை தட்டில் விழும். அப்பா வண்டி பூனை மாதிரி வரும். அவருக்குச் சித்தப்பா தின்று மிஞ்சிய ஆறின தோசைதான்.

"நீங்க வர்றது யாருக்குத் தெரியுது?" என்பாள் அம்மா. அப்பா ஆறின தோசையைப் பிய்த்துத் தின்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

சித்தப்பா மதுரைக்குக் குடிபோய்ப் பல வருடங்களாகின்றன. இன்று அந்தச் சத்தத்தோடு சூலக்கரையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே கல்லில் மாவு விழுந்து சொய்யென்றது. அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஒங்க சித்தப்பா வந்துட்டாகளா?"

"நான்தாம்மா."

"ஏலே, நீயா" என்று உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.