பந்தலுக்கு எதிரே நின்ற வண்டி

முதலமடைப் பக்கம் பயர்மேன் நாட்ராயனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வைக்கோல்போர் கதையைத்தான் எடுப்பார்கள். முதலமடைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவில், தண்டவாளத்துக்குக் கிழக்கே, அவருடைய அக்கா மயிலாத்தாளின் தோட்டம். ஒரு கோடையில் இஞ்சினிலிருந்து பறந்த பொறி விழுந்து அவளுடைய வைக்கோல்போர் முழுசும் எரிந்துபோனது. எந்த வண்டி, எந்த இஞ்சின் என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்த பயர்மேன் இவர் ஒருவர்தான். பழியைச் சுமக்க வேறு ஆளைத் தேடுவானேன்? சந்தையிலும் பஸ்ஸிலும் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஏனுங்க மாமா, இன்னைக்கு யாரூட்டுப் போருக்கு நெருப்பு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மயிலாத்தாள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாட்ராயனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பாலக்காடு டவுனிலிருந்து பொள்ளாச்சி போகும் மீட்டர்கேஜ் வண்டியில் அவருக்கு வேலை. பொள்ளாச்சிப் பக்கம் போகப் போக ஏற்றம். ஏற்றத்தில் இஞ்சினுக்குப் பசி அதிகம், பயர்மேனுக்கு இடுப்பு நிமிராது. அவரிடம் கரியைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது. வங்காளக் கரி மெதுவாகப் பற்றும், உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கம்பியால் குத்திவிட்டால் நின்று எரியும், அதை நம்பித் தடிமனாகப் போட்டுவிட்டு ஒரு பீடி பிடிக்கலாம் என்பார். சிங்கரேணிக் கரி அப்படியல்ல. அது ஒட்டாது. மெல்லிசாக, மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மூச்சுமுட்டிக் கறுத்துப்போகும். அதன் தூள் ஏற்றத்தில் இஞ்சின் இழுக்கிற இழுப்பில் அனலாகவே புகைபோக்கி வழியாக வெளியே பறக்கும். பறக்காமல் தடுக்க உள்ளே ஒரு கம்பிவலை உண்டு. அவர் போகும் இஞ்சினில் அந்த வலை ஓட்டையாகிக் கிடந்தது. ஷெட்டில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எழுபத்தைந்தாம் வருஷம் வைகாசியில் மயிலாத்தாளின் மகள் பொன்னாத்தாளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்து முடிந்திருந்தது. அதில் வேலை போன ஆட்கள் பலரை இன்னும் திரும்ப எடுக்கவில்லை. இருக்கிற ஆளுக்கு லீவு கிடையாது. சொல்லாமல் நின்றால் வேலை போகும். நாட்ராயன் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மேலதிகாரி தலையை நிமிர்த்தாமலே முடியாது என்றார்.

விஷயத்தைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சமும் பச்சையில்லாத காய்ந்த தென்னங்கீற்று. தண்டவாளத்திலிருந்து கல்லெறி தூரம்.

"அக்கா, பந்தலைக் கொல்லைப் பக்கமாப் போடலாமில்ல? வைகாசிக் காத்து மேக்கயிருந்து அடிக்குது. பொறி நேரா இங்கதான் வரும்."

மயிலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கொல்லைல போட்டாக் கண்ணாலமா, கருமாதியா? நீ பட்டம் கட்ட வரமாட்டே. வராத ஆளு பந்தலுக்கு எடம் சொல்றியாக்கும். உன்ர இஞ்சினை நீ பாத்து ஓட்டு. எங்க பந்தலை நாங்க பாத்துக்கறோம்."

பட்டம் கட்ட ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். நாட்ராயன் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் அவர் ஏறிய இஞ்சினில் சிங்கரேணிக் கரி. அதுவும் பாதிக்குமேல் தூள். டிரைவர் ஏசுரத்தினம் திருநெல்வேலிக்காரர், கோபம் வந்தால் வாயில் வேலி கிடையாது, மனசில் ஒன்றும் கிடையாது. இரண்டாவது பயர்மேன் பெரியமுத்து பின்னால் நின்று கரியை உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். கொல்லங்கோடு தாண்டும்வரை நாட்ராயன் ஒழுங்காகத்தான் எரித்தார். முதலமடை நெருங்க நெருங்க அந்தக் காய்ந்த கீற்றுதான் கண்ணுக்குள் நின்றது. பந்தல் பக்கம் போகும்போது கரி அள்ளும் சவலால் ஒரு தடவைகூட அள்ளிப் போடாமல் கடந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு யோசனை. போடாவிட்டால் தூள் பறக்காது. அதற்கு முன்னாலேயே தீயைத் தடிமனாகக் கட்டி வைத்துவிட்டால் போதும்.

முதலமடை ஸ்டேஷனில் வண்டி நின்ற நேரத்தில் அடுப்பு நிறைய அள்ளி அள்ளிப் போட்டார். தூள் அடங்கட்டும் என்று கரிமேல் தண்ணீரும் அடித்தார். வங்காளக் கரிக்குச் செய்கிற வேலையைச் சிங்கரேணிக் கரிக்குச் செய்தார். புதிதாக வந்த ஆள் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பார். பயம் வந்துவிட்டால் கற்றது எல்லாம் காற்றோடு போகும்.

ஏற்றத்தில் பாதி ஏறுவதற்குள் தீ கறுத்தது. ஸ்டீம் அளக்கிற முள் இறங்கியது.

"ஏலே, ஸ்டீம் எங்கல?" என்று ஏசுரத்தினம் கத்தினார். "அடுப்புல என்னத்தக் கொட்டி வச்சிருக்க?"

நாட்ராயன் கம்பியை விட்டுக் கிளறினார். உள்ளே சாம்பல் உருகிக் கட்டி கட்டியாகக் கிட்டம் பிடித்திருந்தது. பிரேக்கைத் தளர்த்தி வைத்திருப்பதும் ஸ்டீம்தான்; அது குறைந்ததும் பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பித்தது. வண்டி முனகிக்கொண்டே வந்து மயிலாத்தாளின் தோட்டத்துக்கு நேர் எதிரே நின்றது.

நாட்ராயன் தலை நிமிர்ந்து பார்த்தார். எதிரே பந்தல். உள்ளே சனம். ஓடுகிற வண்டி போடும் பொறி கொஞ்சம்தான். ஏற்றத்தில் நின்ற வண்டி கிளம்புகிறபோதுதான் இஞ்சின் முழு மூச்சில் இழுக்கும். அடுப்பில் இருக்கிற அனல் பாதி புகைபோக்கி வழியாக மேலே போகும். எதைத் தவிர்க்கப் பார்த்தாரோ அதை அக்கா வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

கார்டு சிவராமகிருஷ்ணன் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். கொஞ்சம் பின்னால் தள்ளிப் போய் வேகம் பிடித்து வரலாமா என்று நாட்ராயன் கெஞ்சினார்.

"பின்னாலே தள்ளணும்னா முதலமடை மாஸ்டர் எழுதித் தரணும். நடந்து போய் வாங்கிண்டு வர்றதுக்குள்ளே மத்தியானம் ஆயிடும். எதிர் வண்டி வேற காத்துண்டிருக்கு. முடியாது, கேட்டேளா? இங்கேருந்தேதான் கிளப்பணும்."

ஏசுரத்தினம் பந்தலையும் பார்த்தார், நாட்ராயனின் முகத்தையும் பார்த்தார். "ஒங்க அக்கா வீடால? போய்ச் சொல்லிட்டு வா. பெரியமுத்து தீயப் பாத்துக்கிடுவான். விசில் ஊதுனா ஓடி வந்திரணும், ஆமா."

நாட்ராயன் குதித்து ஓடினார். மேலெல்லாம் கரி, தலையில் அழுக்குத் துணி. பந்தலில் முதலில் பார்த்தவர், "மாமன் வந்துட்டாருங்கோவ்!" என்று கூவினார். அவ்வளவுதான், பந்தலே எழுந்து நின்றது. அக்கா மகளுக்காக வண்டியையே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சொல்ல, ஒரு நொடியில் அது உண்மையாகிவிட்டது. நாதஸ்வரக்காரர் ஊதியே விட்டார். யாரோ கையில் தண்ணீர் ஊற்றினார்கள். மயிலாத்தாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"வந்துட்டியாடா சாமி! ஊரே பாக்க ரயிலை நிறுத்திப்போட்டு வந்துட்டியே!" என்று அழுதாள். பட்டத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

பொன்னாத்தாள் குனிந்தாள். அவர் கட்டினார். எத்தனை கழுவியும் போகாத கரி அவள் நெற்றியோரத்தில் கோடாக ஒட்டியது. அந்தக் கணத்தில் ஒன்றும் சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. வைக்கோல்போர்க்காரர் என்ற பெயர் போய், ரயிலை நிறுத்திய மாமன் என்ற பெயர் இப்போதுதான் வந்திருந்தது. பொய்தான், ஆனால் எவ்வளவு நல்ல பொய்!

அவர் தலைக்கு மேலே காய்ந்த கீற்றைப் பார்த்தார். "பந்தலைப் பிரிங்க. ஆளெல்லாம் வெளிய வாங்க."

மேளம் நின்றது. மயிலாத்தாளின் முகம் மாறியது. "என்ன பேச்சுடா பேசறே? தாலி ஏறறதுக்கு முன்னாலயே கண்ணாலப் பந்தலைப் பிரிக்கறதா?"

"வண்டி உனக்காக நிக்கலை, அக்கா. நான் தீயைக் கெடுத்துப்போட்டேன், அதனால நின்னுபோச்சு. இப்பக் கெளம்பறப்போ பொறி மழையாட்டக் கொட்டும். உள்ள இவ்வளவு சனம் இருக்குது. என்னை அப்புறமாத் திட்டிக்க."

பெரியவர்கள் அபசகுனம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஒரு ஆள் அசையவில்லை. இஞ்சின் பக்கம் புகை கறுப்பிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. தீ உயிர் பிடித்துவிட்டது என்று நாட்ராயனுக்குத் தெரிந்தது. விசிலும் ஊதிவிட்டது.

அப்போது மணவறையிலிருந்து பொன்னாத்தாள் எழுந்தாள். "கண்ணாலம் எனக்கா, பந்தலுக்கா? மாமன் சொன்னாச் செய்யுங்க." மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் கிணற்றடிக்கு நடந்தாள். பெண்ணே போனபின் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பின்னால் ஓடினார்கள். நாலு ஆண்கள் கூரைமேல் ஏறிக் கீற்றைப் பிய்த்துப் போட்டார்கள். மயிலாத்தாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று தம்பியைப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையைத் தாங்காமல் இஞ்சினுக்கு ஓடினார்.

ஏசுரத்தினம் ரெகுலேட்டரைத் திறந்தார். சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றியது. புகைபோக்கி இடியாக இடித்தது. மறுபடி திறந்தார். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. இப்போது விட்டால் மறுபடி நிற்கும். மறுபடி நின்றால் மறுபடி இதே கிளப்பல். நாட்ராயன் அடுப்பைப் பார்த்துக் குனிந்து, சிங்கரேணிக் கரியை எப்படிப் போட வேண்டுமோ அப்படி, மெல்லிசாக, மூலைக்கு மூலை விசிறினார். தான் போடுகிற ஒவ்வொரு சவலும் எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே போட்டார். தோட்டம் டிரைவர் உட்காரும் பக்கத்தில் இருந்தது. நாட்ராயனால் அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"அண்ணாச்சி, என்னாச்சுங்க?"

ஏசுரத்தினம் தலையை வெளியே நீட்டியிருந்தார். "விழுது... ஓலை மேலதான் விழுது. புகையுதுல. ஐயோ, பத்திக்கிட்டு!"

"ஆளுங்க? ஆளுங்க உள்ள இருக்காங்களா?"

"உள்ள யாரும் இல்ல. கூரைல நின்னவனுங்களும் குதிச்சிட்டானுவ. நீ கரியப் போடு!"

போட்டார். கண்ணீரும் வேர்வையும் ஒன்றாக வழிந்தன. கார்டு பெட்டி தோட்டத்தைக் கடக்கிறபோது ஏசுரத்தினம் கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் கையத் தூக்கி என்னத்தயோ எறியுதாவ. தண்ணிய எறியுதாவளா, அரிசிய எறியுதாவளான்னு இங்கிருந்து தெரியல."

பொள்ளாச்சி போய்ச் சேர்ந்ததும் இஞ்சினை விட்டுப் போனதற்கும் வண்டி நின்றதற்கும் விளக்கம் கேட்டார்கள். கரி சரியில்லை என்று சொல்லச் சொன்னார் ஏசுரத்தினம். நாட்ராயன், கரி சரிதான், நான் போட்டது சரியில்லை என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் மீனாட்சிபுரத்தில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தார்.

பந்தல்கால்கள் கரிக்கட்டையாக நின்றன. பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போயிருந்தார்கள். யாருக்கும் ஒரு காயமில்லை, கிணற்றடியில் நல்ல நேரத்துக்குள் தாலி ஏறிவிட்டது என்று வழியிலேயே சொன்னார்கள். தண்ணீர் எறிந்ததும் உண்மை, அரிசி எறிந்ததும் உண்மை. ஒரு பக்கம் பந்தல் எரிய, மறுபக்கம் கெட்டிமேளம் கொட்டியிருக்கிறது. மயிலாத்தாள் கல்யாணச் சேலை முழுக்கச் சாம்பலோடு, கால் நீட்டி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காலிக் குடம். அவள் திட்டட்டும் என்று அவர் தள்ளி நின்றார். திட்டவில்லை.

அவராகவே கேட்டார். "தாலி கட்டறதைப் பாத்தியா, அக்கா?"

"எங்கடா பாத்தேன்?" என்றாள் மயிலாத்தாள். "நானும் உன்னையாட்டத்தான். நெருப்பைப் பாத்துக்கிட்டு கண்ணாலத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்."