தாடைக்கடியில் ஒரு கை

சோமனூரில் என் மகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் வீட்டுச் சுவரை ஒட்டியே அவர்களுடைய தறிக்குடோன். ஒல்லியான பெண். எப்போதும் காதை மூடித் தலைவாரியிருப்பார். எந்த வார்த்தையை அசை பிரிப்பதானாலும் புறங்கையைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் சொல்வார். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ, அத்தனை அசை. எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

“ஏனுங்க டீச்சர், மத்த எடத்துல கை தட்டித்தானுங்க எண்ணச் சொல்றாங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். “பொறந்ததுலிருந்தே தறிச் சத்தமுங்க. இங்க கை தட்டுனா யாருக்குங்க கேக்கும்? தாடை ஆடுறது கைக்குத் தெரிஞ்சுபோகுமுங்க.”

ஒரு மாலை கரண்ட் போனது. தறிகள் நின்று வீடே அமைதியானது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்த டீச்சரிடம், “கெளம்பறோமுங்க” என்றேன். அவர் திரும்பவில்லை. உரக்கச் சொல்லியும் திரும்பவில்லை. இதுகூடத் தெரியாதா என்பதுபோல் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு போய் அவர் முன்னால் நின்று, தன் தாடைக்கடியில் கையை வைத்து, “டீச்சர்” என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. “ரெண்டு, கண்ணு” என்றார்.