மாமாவுக்குத் தைத்த வெட்டுத்துணிப் போர்வை

எங்கள் இடுக்கி மாவட்டத்தில் தண்டவாளம் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து, அதுவும் வண்டிப்பெரியாரை ஒட்டிய எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து, ஒருவர் ரயில் இன்ஜின் ஓட்டப் போகிறார் என்றால் சும்மாவா! அம்மாவின் தம்பி, என் மாமா, பரீட்சையெல்லாம் தேறிவிட்டார். சென்னையில் கண், காது எல்லாம் பார்க்கிற டாக்டர் சோதனை ஒன்றுதான் பாக்கி. நாலாம் வகுப்பில் இருந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா ரயிலை நேரே எங்கள் லயத்துக்கே ஓட்டிக்கொண்டு வருவார் என்று நான் அளந்த அளப்பைப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் பாதி நம்பியும் விட்டார்கள்.

அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து சாயங்காலம் லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். மிஞ்சிய வெட்டுத்துணிகள் ஒரு மூட்டை கிடந்தன. வெளியூரில் தங்கப் போகிற தம்பிக்கு அவற்றை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தாள். சுற்றிலும் முற்றிய தேயிலைப் பச்சை. நடுவில் மிளகாய்வற்றல் சிவப்பில் பெரிய நட்சத்திரம். அடடா, என்ன பொருத்தம்! எனக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை.

கட்டிலில் விரித்துக் காட்டினோம். மாமா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லாருக்குக்கா. நட்சத்திரம்னியே, அது எங்க?”

கூடியிருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா பெரிய கேலிக்காரர் என்பது ஊரறிந்தது. “குசும்பு புடிச்ச பயலே” என்று அம்மா அவர் தலையில் குட்டினாள். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. போர்வையை வெளியே கொடியில் போட்டுவிட்டுக் குழாயடி வரை போய் நின்று திரும்பிப் பார்த்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அட, நிஜமாகவே நட்சத்திரத்தைக் காணோம்!

“அவன் சொன்னது சரிதான்டி. செவப்பும் பச்சையும் ஒரே கருக்கலா இருக்கு. நெறம் வேறயா இருந்தா மட்டும் போதாது. ஒண்ணு வெளுப்பா இருந்தாத்தான் இன்னொண்ணு தூக்கிக் காட்டும்.”

மறுநாளே நட்சத்திரத்தைப் பிரித்து, மூட்டையைக் கவிழ்த்தாள். மாமாவும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, எது வெளிர், எது அழுத்தம் என்று நானும் அம்மாவும் கண்ணைச் சுருக்கி முழித்துக்கொண்டிருக்க, மாமா சீட்டுக் கட்டைப் பிரிக்கிற மாதிரி இரண்டு குவியலாகப் போட்டுத் தள்ளினார். ஒன்றுகூடத் தப்பவில்லை! நட்சத்திரத்தின் நடுவுக்கு வெள்ளை, அடுத்துச் சந்தனம், கூர்களுக்கு மஞ்சள் என்று தரையில் அடுக்கினோம். பச்சைக்கு நடுவே நட்சத்திரம் விளக்கேற்றியதுபோல் நின்றது. நான் குதித்த குதியில் தையல் மெஷினே ஆடியது. மாமா கண்ணுக்கு ஈடு இந்த மலையிலேயே கிடையாது என்று கத்தினேன்.

அம்மா கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு மாமா ஒதுக்கிய கருத்த குவியலைப் பார்த்தாள். அதில் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்து நீட்டினாள்.

“தம்பி, இதுல செவப்பு எது?”

“என்னக்கா, பாலவாடிப் பிள்ளையக் கேக்குற மாதிரி கேக்குற?” என்று சிரித்த மாமா, பச்சையைத் தொட்டார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மறுபடியும் குசும்பு! அம்மா சிரிக்கவில்லை. துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா புறப்பட்ட அன்று லயமே ஜீப்பைச் சுற்றி நின்றது. மாமாவின் கையில் அந்தப் போர்வை. “டாக்டர்கிட்டயும் இப்படி வெளையாடாதீங்க மாமா!” என்று நான் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் ஜீப் ஓரமாகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்க என்ன சொன்னாலும் சரி, எங்கயும் போயிராம நேரா நம்ம வீட்டுக்கு வந்துரு.”

எனக்கு வந்ததே கோபம்! நல்ல காரியத்துக்குப் போகிறவரிடம் பேசுகிற பேச்சா இது? மாமா திரும்பி வரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.